தடுப்பூசி வழக்கும் நம் கல்கத்தாவும்

ஆண்டு விழா மலரில் இயலும் இசையும் நாடகமும் பேசப்படுவதே வழக்கம். அவற்றின் நடுவே நோயையும் ஊசியையும் பற்றிய கட்டுரை எதற்கு என அன்பர்கள் வினவலாம். 2021 ஆம் ஆண்டின் சித்திரை, வைகாசித் திங்கள்களை நினைவுகூர்ந்தால் அவ்வினாவிற்கு விடை தானே கிடைத்துவிடும். மாடிப்படிகளில் நின்றும், ஊரிலுள்ள உறவினரைத் தொலைபேசியில் அழைத்தும் நம் காலனிக் குடும்பங்கள் அன்று பேசிய பேச்சு ஒன்றே ஒன்றுதான்: தடுப்பூசி போட்டுக்கொள்வதா, வேண்டாவா? ஊரிலிருந்து பெரியப்பா 'வேண்டாம்' என்பார். இங்கே மருமகள் 'போட்டுக்கொண்டே ஆகவேண்டும்' என்பாள். ஒரே கூடத்தில் இரு கட்சிகள். தயங்கி நின்ற நாட்களிலேயே நோய் கண்டு மறைந்த முதியவர்கள் நம்மிடையே உண்டு. ஊசிக்குப்பின் காய்ச்சலும் உடல்வலியும் கண்டு, 'இதற்காகவா?' என்று நொந்துகொண்டவர்களும் உண்டு. இரு சாராருடைய மனத்திலும் அந்த நாட்களின் வடு இன்னும் ஆறவில்லை.

இவ்வழக்கு நமக்குப் புதியது. நாம் குடியேறி வாழும் இந்நகரத்திற்குப் புதியதன்று. இருநூற்றைம்பது ஆண்டுகளாக இதனை விசாரித்து வந்திருக்கிறது கல்கத்தா. அவ்விசாரணையின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நம் ஐயங்களைத் தெளிவித்துக்கொள்ளத் துணைசெய்யும்.

அம்மையும் டீகாவும்

நம் நாட்டில் மாரியம்மன் எப்படியோ, வங்கத்தில் ஷீதளா தேவி அப்படி. பெரியம்மையை அத்தேவியின் வருகையாகக் கருதிய வங்க மக்கள், அதனைத் தடுக்கவும் ஒரு முறை கண்டிருந்தனர். அம்மைக் கொப்புளத்தின் நீரைச் சிறிதளவு எடுத்து, நலமாயிருப்பவரின் தோலைக் கீறி அதில் இடுவர். இலேசான அம்மை கண்டு நீங்கும். பிறகு வாழ்நாள் முழுதும் அந்நோய் அணுகாது. இத்தொழில் செய்தோர் 'டீகாதார்' எனப்பட்டனர். இன்றும் வங்காளியில் தடுப்பூசிக்கு 'டீகா' என்றே பெயர் வழங்குகிறதன்றோ! கல்கத்தாவில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஹால்வெல் என்பவர் 1767 ஆம் ஆண்டிலேயே இம்முறையை விரிவாக எழுதி, இலண்டன் மருத்துவர்களுக்கு அறிவித்தார். ஜென்னர் பசுவம்மைப் பாலைக் கொண்டு ஊசி குத்தும் முறையைக் கண்டது அதற்கு 29 ஆண்டுகளுக்குப் பின்னர், 1796 ஆம் ஆண்டில்.

ஜென்னரின் பசுவம்மைப் பால் 1802 ஆம் ஆண்டு சூன் மாதம் பம்பாயில் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு இடப்பட்டது. அவ்வாண்டிலேயே கல்கத்தாவையும் அடைந்தது. அதனை மக்கள் எளிதில் ஏற்கவில்லை. பழைய முறையைத் தொடர்ந்தனர். அரசாங்கமோ 1865 ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பழைய முறையைச் சட்டத்தால் தடுத்தது. தடுத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. டீகாதார் இட்டது உண்மையான பெரியம்மை ஆதலால், போட்டுக்கொண்டவர் பிழைத்தாலும், அவரிடமிருந்து நோய் பக்கத்து வீட்டாரைப் பற்றக்கூடும்.

மக்கள் தயங்கியதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. அந்நாளில் பசுவம்மைப் பாலை ஒரு குழந்தையின் கையிலிருந்து மறு குழந்தையின் கைக்கு மாற்றியே இட்டு வந்தனர். இதனால் சாதியாசாரம் கெடும் என்று சிலர் அஞ்சினர். வேறு நோய்கள் தொற்றும் என்று சிலர் அஞ்சினர். பின்னதை வீண் அச்சம் எனத் தள்ளிவிட இயலாது. இங்கிலாந்திலேயே 1898 ஆம் ஆண்டில் கைக்குக் கை மாற்றும் அம்முறை தடைசெய்யப்பட்டது. மனச்சான்று இடந்தராத பெற்றோர் தம் குழந்தைக்கு அம்மை குத்துவதிலிருந்து விலக்குப் பெறவும் அதே சட்டம் வழிசெய்தது. அச்சத்தின் எந்தப் பகுதி உண்மை, எந்தப் பகுதி கற்பனை என்று பிரித்தறிந்த பின்னரே முறை திருந்தியது. முறை திருந்தியபின் நம்பிக்கையும் வளர்ந்தது. 1980 ஆம் ஆண்டில் பெரியம்மை உலகினின்றே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

பலாத்தோப்புச் சேரியில் ஓர் எண்ணிக்கை

வாந்திபேதி எனப்படும் காலராவின் வரலாறு இந்நகரத்தோடு இன்னும் நெருங்கியது. ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் 1884 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தங்கி, காலராக் கிருமியைப் பிரித்தெடுத்து, சேரிக் குளத்து நீரிலும் அது வாழ்வதைக் காட்டினார். அடுத்த பத்தாண்டில் வந்தவர் ஹாஃப்கின். ஒடெஸ்ஸாவில் பிறந்த யூதர்; பாரிசில் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியவர். தாம் ஆக்கிய காலராத் தடுப்பூசியை 1892 ஆம் ஆண்டில் முதலில் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தவர். மறு ஆண்டு கல்கத்தாவில் வந்திறங்கினார்.

அந்நியர்; கையில் ஊசி; ஊசியில் உயிருள்ள நோய்க்கிருமி. மக்கள் அஞ்சியதில் வியப்புண்டோ? ஆள்பவரின் இனத்தார் ஒருவர் தமக்கு நஞ்சூட்ட வந்தார் என்றே பலர் எண்ணியிருப்பர். ஹாஃப்கினோடு சேரிதோறும் நடந்தவர்கள் சௌதுரி, கோஷ், சட்டர்ஜி, தத் என்னும் இந்திய மருத்துவர்கள். மக்களின் மொழியில் பேசி ஐயம் தெளிவித்தவர்கள் இவர்களே. ஹாஃப்கினும் மக்கள் முன்னிலையில் தம் உடலிலேயே ஊசி ஏற்றிக் காட்டினார் என்பர். போட்டுக்கொள்பவர்க்குக் காய்ச்சலும் வலியும் வரும் என்பதை அவர் மறைத்ததில்லை.

1894 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், நகரச் சுகாதார அதிகாரி சிம்ப்சனின் அழைப்பின்பேரில் ஹாஃப்கின் நகரச் சேரிகளில் இறங்கினார். பலாத்தோப்பு எனப் பொருள்படும் காட்டால் பாகான் சேரியில் ஏறத்தாழ இருநூறு பேர் இரு குளங்களைச் சுற்றி வாழ்ந்தனர். அங்கே காலராவால் இருவர் மாண்டனர். உடனே 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர், ஏனையோர் போட்டுக்கொள்ளவில்லை. அதன்பின்னும் அச்சேரியில் நோய் தொடர்ந்தது. நோய் கண்டோர் அனைவரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களாகவே இருந்தனர்.

இதில் நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்று உண்டு. ஹாஃப்கின் தம் ஊசியின் பெருமையை மேடையில் முழங்கவில்லை. ஒரே குளத்து நீரைக் குடித்து, ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவருள் போட்டுக்கொண்டவர் எத்தனை பேர், போட்டுக்கொள்ளாதவர் எத்தனை பேர், இரு சாராருள்ளும் நோயுற்றவர் எத்தனை பேர் என்று வீடுவீடாக எண்ணினார். தடுப்பூசியின் நன்மை தீமையைத் துணிவதற்கு உலகம் இன்று கைக்கொள்ளும் முறையின் ஒரு தொடக்கம் நம் நகரத்துச் சேரியில் நிகழ்ந்தது என்பது நமக்குப் பெருமையே.

எனினும் அக்கணக்கிலும் குறை உண்டு. போட்டுக்கொள்ள முன்வந்தவர்கள் இயல்பாகவே தூய்மையும் எச்சரிக்கையும் உடையவர்களாக இருந்திருக்கலாம். எண்ணிக்கையும் சிறிது. பிற்காலத்தில் ஊசிவழிக் காலராத் தடுப்பின் பயன் குறைவு, விரைவில் தேய்வது எனத் தெரிந்தது; 1973 ஆம் ஆண்டில், பன்னாட்டுப் பயணிகளுக்குக் காலரா ஊசிச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி கைவிடப்பட்டது. கதை அத்தோடு முடியவில்லை. 2006 ஆம் ஆண்டில் அதே கொல்கத்தாவின் சேரிகளில், வாய்வழியாக அருந்தும் காலராத் தடுப்பு மருந்து ஏறத்தாழ 67,000 பேரிடம் சோதிக்கப்பட்டது. சரிபாதியினர்க்கு மருந்து, மற்றவர்க்கு மருந்தில்லாப் போலி நீர். யாருக்கு எது எனக் கொடுத்தவரும் அறியார், குடித்தவரும் அறியார். ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது நூற்றுக்கு 65 அளவுக்குக் காப்பு இருந்தது. காட்டால் பாகானில் தொடங்கிய எண்ணிக்கை 112 ஆண்டுகளுக்குப்பின் இவ்வாறு செம்மை பெற்றது.

மூல்கோவால் கிராமத்துத் துயரம்

ஊசியால் தீங்கே நேர்ந்ததில்லை என்று சொல்வோர் ஹாஃப்கினின் பிற்கால வாழ்வைப் படிக்க வேண்டும். பம்பாயில் பிளேக் பரவியபோது அதற்கும் தடுப்பூசி ஆக்கினார் அவர். 1897 ஆம் ஆண்டு சனவரியில் அதனையும் தமக்கே முதலில் போட்டுக்கொண்டார். பின்னர் 1902 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள், பஞ்சாபில் மூல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு அவ்வூசி போடப்பட்டது. அவருள் 19 பேர் டெட்டனஸ் என்னும் இசிவுநோயால் துடித்து இறந்தனர். இறந்தவர் அனைவரும் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்றவர்கள். நோயைத் தடுக்க நம்பி வந்த ஏழைக் குடியானவர்கள் அவர்கள். அவ்வீடுகளின் அழுகுரலுக்கு எந்தப் புள்ளிவிவரமும் ஆறுதல் சொல்ல இயலாது.

பழி ஹாஃப்கின்மீது விழுந்தது, பதவியிலிருந்து விலக்கப்பட்டார். புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததும், அது முறையாகத் தூய்மை செய்யப்படாமல் மீண்டும் கையாளப்பட்டதும் பின்னர் வெளிவந்தன. குறை ஆய்வுக்கூடத்தில் இல்லை, கிராமத்திலேயே நேர்ந்தது என அறிவியலறிஞர் பலர் வாதாடினர். அவருள் முன்னின்றவர் ரொனால்டு ராஸ். இதே கல்கத்தாவில் 1898 ஆம் ஆண்டு கொசுவிற்கும் மலேரியாவிற்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டிய அவரேதான். 1907 ஆம் ஆண்டில் ஹாஃப்கின் பழி நீங்கினார். மீண்டும் இந்தியாவிற்கு வந்து கல்கத்தா ஆய்வுக்கூடத்திலேயே ஓய்வுபெறும் வரை பணிபுரிந்தார். பம்பாயில் அவர் நிறுவிய ஆய்வுக்கூடம் 1925 ஆம் ஆண்டில் அவர் பெயரைத் தாங்கியது.

குற்றமற்றவர் பழி நீங்க ஐந்தாண்டுகள் ஆயின. விசாரணை உடனுக்குடன், எல்லாரும் அறிய நடந்திருந்தால் அவரும் துன்புற்றிருக்க மாட்டார். மக்களின் ஐயமும் அத்தனை நாள் புகைந்திருக்காது.

இராஜாஜி எழுப்பிய வினா

இனி, நம் இரு மாநிலங்களுக்கும் உரிய பெரியவர் ஒருவரிடம் வருவோம். விடுதலை பெற்ற நாளில் மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராகப் பொறுப்பேற்று, 1948 ஆம் ஆண்டு சூன் வரை இந்நகரத்து மாளிகையில் வாழ்ந்தவர் இராஜாஜி. பின்பு சென்னை முதலமைச்சராக இருந்து விலகிய அவர், 1955 ஆம் ஆண்டில் எவரும் எதிர்பாராத ஒரு போராட்டத்தில் இறங்கினார். காசநோயைத் தடுக்க நாடெங்கும் குழந்தைகளுக்குப் போடப்பட்டு வந்த பி.சி.ஜி. ஊசியை எதிர்த்துப் பேசினார், எழுதினார். ஒரு சிறுநூலே வெளியிட்டார்.

பி.சி.ஜி. என்பது கால்மெட், கெரேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 13 ஆண்டுகள் உழைத்து வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி. 1921 ஆம் ஆண்டில் முதன்முதலாகக் குழந்தைக்குத் தரப்பட்டது. 1930 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லூபெக் நகரில் கொடிய காசக்கிருமி அதனோடு கலந்துவிட, எழுபதுக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தனர். அந்நினைவு உலகை விட்டு அகலவில்லை. நம் நாட்டில் 1948 ஆம் ஆண்டில் கிண்டியில் பி.சி.ஜி. ஆக்கும் கூடம் எழுந்தது; ஊசி இயக்கமும் தொடங்கியது. நலமாயுள்ள கோடிக்கணக்கான குழந்தைகளின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்தும்முன் அதன் பயன் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டதா என்பதே இராஜாஜியின் வினா. மூடநம்பிக்கையாளர் என அவரை எவரும் ஒதுக்கிவிட முடியவில்லை. அரசினரும் மருத்துவரும், காசநோயின் கொடுமைக்கு முன் காத்திருக்க நேரமில்லை என்றனர். இரு பக்கமும் நாட்டன்பே இருந்தது. இரு பக்கமும் போதிய சான்று இல்லை.

சான்று தேடித் தந்த இடம் நம் செங்கற்பட்டு மாவட்டம். 1968 ஆம் ஆண்டு முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து, திருவள்ளூர் வட்டாரத்தில் 2,80,000-க்கு மேற்பட்டோரைக் கொண்டு ஆய்வு நடத்தியது. சிலருக்குப் பி.சி.ஜி., சிலருக்கு வெறும் நீர்மம். 15 ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தனர். வயது வந்தோரின் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை. சிறுவரிடத்தும் சிறிதளவே பயன் காணப்பட்டது. பி.சி.ஜி.யை நம்பியிருந்த உலகம் திகைத்தது. அதே வேளையில், பச்சிளங்குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் காசத்தை அது தடுக்கிறது என்பதைப் பிற ஆய்வுகள் காட்டின. அதனாலேயே பிறந்த குழந்தைக்கு அவ்வூசி இன்றும் தொடர்கிறது. இராஜாஜியின் ஐயத்தில் ஒரு பாதி மெய்யாயிற்று. மருத்துவரின் நம்பிக்கையில் ஒரு பாதி மெய்யாயிற்று. எந்தப் பாதி எவருடையது என்பதை 1955 ஆம் ஆண்டில் வாதத்தால் அறிந்திருக்க இயலாது.

நம் காலத்து வழக்கு

இத்தனையும் அறிந்தபின் 2021 ஆம் ஆண்டிற்குத் திரும்புவோம். கோக் கிருமியைக் கண்ட பழைய சேரிகளின் பக்கத்தில், பேலியாகாட்டாவில், அன்று தேசியக் காலரா மற்றும் குடல்நோய் ஆய்வு நிலையம் என்று பெயர் வழங்கிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2020 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆம் நாள், கோவாக்சின் ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனை அங்கே தொடங்கிற்று. மாநில அமைச்சர் பிர்ஹாத் ஹக்கீம் முதல் தொண்டராகக் கை நீட்டினார். ஆயின் அச்சோதனையின் முடிவு வருமுன்னரே, 2021 ஆம் ஆண்டு சனவரி 3 ஆம் நாள் அவ்வூசிக்கு அனுமதி வழங்கப்பட்டது. இது முறையா என அறிஞர் பலர் கேட்டனர். கேட்டது தவறன்று. அவ்வாண்டின் நடுவில், ஏறத்தாழ 25,800 பேரிடம் நடந்த சோதனை முடிவு வெளிவந்தது: நோய் காணாமல் காக்கும் திறன் நூற்றுக்கு 77.8. கணக்கு முன்னரே வந்திருந்தால் ஐயமும் முன்னரே அடங்கியிருக்கும்.

ஏப்ரல் 15 ஆம் நாள் சென்னையில் நடிகர் விவேக் பலர் அறிய ஊசி போட்டுக்கொண்டார். 17 ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். தமிழுலகம் கலங்கியது, ஊசியே காரணம் என்ற பேச்சு காட்டுத்தீயாயிற்று. ஊசிக்குப்பின் நேரும் தீங்குகளை ஆயும் தேசியக் குழு, அம்மரணத்திற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தது அக்டோபரில். பேச்சு பரவியது ஒரே நாளில். விடை வந்தது ஆறு திங்கள் கழித்து. அவ்விடைவெளியில் எத்தனை முதியவர்கள் ஊசிச்சாலையின் வாயில்வரை சென்று திரும்பியிருப்பார்கள்!

கோவிஷீல்டு ஊசியால் மிகச் சிலருக்கு இரத்தம் உறைந்து அடைப்பு நேரக்கூடும் என்பதும் உண்மையே. 2021 ஆம் ஆண்டு மே திங்களில் அரசின் குழு, அவ்வாறு ஐயுறத்தக்க 26 பேரைக் கண்டதாகவும், அது பத்து இலட்சம் ஊசிக்கு 0.61 என்றும் அறிவித்தது. பிரிட்டனில் இவ்வளவு நான்காக இருந்தது. இங்கே பதிவு குறைந்திருக்கலாம் எனச் சிலர் கேட்டதும் நியாயமே. பிரிட்டன் என்ன செய்தது? ஊசியை முற்றிலும் நிறுத்தவில்லை. நோயால் இறக்கும் ஆபத்துக் குறைந்த இளையோர்க்கு வேறு ஊசி, ஆபத்து மிகுந்த முதியோர்க்கு அதே ஊசி என்று பிரித்தது. நன்மையும் தீமையும் எல்லார்க்கும் ஒரே எடையில் அமைவதில்லை. எழுபது வயதுப் பாட்டியாரின் தராசு வேறு. இருபது வயதுப் பேரனின் தராசு வேறு. இதனை நம் கூடத்து வாதங்களில் நாம் எண்ணிப் பார்த்தோமா?

நன்மையின் தட்டிலும் எடை குறைவில்லை. 2022 ஆம் ஆண்டு சூலை 17 ஆம் நாள் வரை நாட்டில் 200 கோடி ஊசிகள் போடப்பட்டன. முதல் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தடுப்பூசி ஏறத்தாழ 42 இலட்சம் உயிர்களைக் காத்திருக்கும் என்பது இலண்டன் அறிஞர்களின் மதிப்பீடு.

வஞ்சகத்தின் தீங்கையும் நம் நகரம் கண்டது. 2021 ஆம் ஆண்டு சூனில் கஸ்பா பகுதியில் போலி ஊசி முகாம் ஒன்று பிடிபட்டது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரே அங்கு ஊசி போட்டுக்கொண்டு, சான்றிதழ் வராததால் ஐயுற்று வினவியபின்னரே அது வெளிப்பட்டது. ஐயம் உயிர் காக்கும் நாளும் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2022 ஆம் ஆண்டு மே 2 ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்வழக்கில் நடுநிலையான முடிவாகும். எவரையும் வற்புறுத்தி ஊசி போடுதல் ஆகாது. ஆயினும் அரசின் தடுப்பூசிக் கொள்கை தகாததன்று. ஊசிக்குப்பின் நேரும் தீங்குகளை மக்கள் எளிதில் தெரிவிக்கவும் அறியவும் வழிசெய்ய வேண்டும் என்றது அத்தீர்ப்பு. மூல்கோவால் கிராமத்தார்க்கு மறுக்கப்பட்டது இந்த வழியே.

தீர விசாரிப்பதே மெய் என்னும் நம் முன்னோர் சொல்லை நாம் அடிக்கடி கூறுகிறோம். காதில் விழுந்ததை அப்படியே அடுத்தவர்க்கு அனுப்புதல் விசாரணை ஆகாது. கேள்வி கேட்பவரை மூடர் என்று வாயடைத்தலும் விசாரணை ஆகாது. போட்டுக்கொண்டவர், போட்டுக்கொள்ளாதவர், நலமுற்றவர், நலிந்தவர் ஆகிய அனைவரையும் ஒளிவுமறைவின்றி எண்ணி ஊரறிய வைப்பதே விசாரணை. எண்ணுவது அறிஞர் கடமை. மறைக்காமல் வெளியிடுவது அரசின் கடமை. வந்த கணக்கைத் தம் விருப்பு வெறுப்பை ஒதுக்கிப் படிப்பது நம் கடமை.

அடுத்த நோய் என்று வருமோ, நாம் அறியோம். வரும் நாளில் நம் கூடங்களில் மீண்டும் இரு கட்சிகள் எழத்தான் செய்யும். அன்று, தயங்கும் பெரியப்பாவின் அருகில் அமர்ந்து அவர் அஞ்சுவது எதற்கு என்று முதலில் கேட்போம். பிறகு, சௌதுரியும் கோஷும் சட்டர்ஜியும் தத்தும் சேரி மக்களிடம் பேசியது போல், நமக்குத் தெரிந்த கணக்கை அவருடைய மொழியில் எடுத்துரைப்போம். அந்தப் பொறுமை அன்றே நமக்கு இருந்திருந்தால், இவ்விழாவின் முன்வரிசையில் இன்று வெறுமையாய் இருக்கும் நாற்காலிகள் சில நிறைந்திருக்கும்.